மாட்டின் காலை வெட்டியவனுக்கு என்ன தண்டனை?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒருவன் நாயை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கொன்றான். அந்த வீடியோ பரவியது. 'இவனைத் தூக்கில் போடு', 'கையை வெட்டு' என்று நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அவன் வழமைபோலக் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதிய) போகிறான். நம் நாட்டில் மிருகவதைக்கு உண்மையில் என்ன தண்டனை? இத்தனை பேர் கோபப்பட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?"

தம்பி, கேட்டதற்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மிருகவதைக்கென்றே நம் நாட்டில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் ஆகக்கூடிய தண்டனை 100 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, இன்றைக்கும் நீதிமன்றத்தில் அதைத்தான் புரட்டுகிறோம். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பதினெட்டு வருடமாக மலையகத்து நீதவான் நீதிமன்றங்களில் வழக்குப் பேசுகிறேன். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளைக் கையால் எண்ணிவிடலாம்.

அந்த 100 ரூபாயைப் பார்த்துச் சட்டம் எழுதியவன் இரக்கமில்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். 1907இல் தோட்டத்தில் ஒரு ஆண் தொழிலாளியின் நாட்சம்பளம் அரை ரூபாய்க்கும் குறைவு. 100 ரூபாய் கட்ட வேண்டுமென்றால் இருநூறு நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். அன்றைக்கு அது குடும்பத்தையே சாய்த்துவிடுகிற தண்டனை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. இப்போது அதே 100 ரூபாய் ஒரு மணித்தியாலக் கூலிகூட இல்லை. சட்டத்தில் அந்தத் தொகை மாறவில்லை, காசின் பெறுமதி மட்டும் தேய்ந்து தேய்ந்து தண்டனையே இல்லாமல் போய்விட்டது. மூன்று மாதச் சிறை தேயவில்லைதான். ஆனால் அபராதமே இவ்வளவு அற்பமாக இருந்தால், பொலிஸாரும் சரி நீதிமன்றமும் சரி, இது சில்லறைக் குற்றம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இந்தச் சட்டம் 'மிருகம்' என்று சொல்வது வீட்டு மிருகத்தையும் பிடித்து அடைத்து வைத்த மிருகத்தையும்தான். காட்டு மிருகம் இதற்குள் வராது. லயத்து வாசலில் நாலு வீட்டுச் சோறு தின்று வளருகிற, யாருடையது என்று சொல்ல முடியாத நாய் வீட்டு மிருகமா இல்லையா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து கேட்டால், அதற்கே ஒரு தவணை போய்விடும்.

தண்டனைச் சட்டக்கோவை என்று 1883இலிருந்து இருக்கிறதே, அதில் மாடு, எருமை, குதிரை, யானை போன்றவற்றைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு நிற்கிற இடத்தைப் பாருங்கள். சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களோடு நிற்கிறது. அதாவது, மாட்டுக்காரனின் நட்டத்துக்கு ஐந்து வருடம், மாட்டின் வலிக்கு மூன்று மாதம். சொந்தக்காரன் இல்லாத நாய்க்கு அந்த ஐந்து வருடமும் இல்லை. சட்டத்தின் பார்வையில் மிருகம் ஒரு பொருள் என்பதைப் பதினெட்டு வருடத்தில் நான் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் பழகிக்கொள்ள முடியவில்லை.

சிறுத்தை, மரை, யானை போன்றவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது எவ்வளவோ பலமானது. திருத்தங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அது நாய்க்கும் மாட்டுக்கும் உதவாது.

புதுச் சட்டம் கொண்டுவர யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்குகள் நலன் பற்றிய ஒரு சட்டமூலத்தை வரைந்து கொடுத்தது. 2010இல் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பௌத்த பிக்கு அத்துரலியே ரதன தேரர் அதைத் தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகும் அது சட்டமாகாமல் வருடங்கள் ஓடின. ஒவ்வொரு கொடுமையான சம்பவத்துக்குப் பிறகும் யாராவது அதைத் தூசு தட்டி எடுப்பார்கள், கோபம் அடங்கியதும் அது மறுபடி அலுமாரிக்குப் போய்விடும்.

சரி, சட்டம் பழையது, அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல, நான் பேசிய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன்பு, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. தோட்டத்தில் பேர் கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாயி. மாடு ஒன்றுதான் அவருடைய வருமானம், காலையும் மாலையும் சேர்த்து எட்டுப் போத்தல் பால். மாட்டுக்கு லெச்சுமி என்று பேர். ஒரு நாள் கயிறு அறுந்து, பக்கத்து லயத்துக்காரரின் லீக்ஸ் பாத்திக்குள் இறங்கி மேய்ந்துவிட்டது. அடுத்த நாள் விடியக்காலை அம்மாயி பட்டிக்குப் போனபோது லெச்சுமி எழும்பவில்லை. பின்னங்கால் இரண்டிலும் குதிங்கால் நரம்பை யாரோ கவ்வாத்துக் கத்தியால், தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கத்தியால், அறுத்திருந்தார்கள்.

நான் போகும்போது பத்து மணி இருக்கும். வெட்டிலே மஞ்சள் அரைத்து அப்பியிருந்தார்கள். மஞ்சளுக்குள்ளே நரம்பின் நுனி வெள்ளையாக, நனைந்த நூல்கண்டு மாதிரித் தெரிந்தது. அதைவிட எனக்கு மறக்காமல் இருப்பது வேறு. காலையில் யாரும் பால் கறக்கவில்லை. மடி கட்டிப்போய், காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டிச் சாணத்தோடு கலந்துகொண்டிருந்தது. அம்மாயி பக்கத்தில் குந்தியிருந்து, போத்தலை எடுத்து வரவா வேண்டாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். கறந்தால் அதற்கு வலிக்கும், கறக்காவிட்டாலும் வலிக்கும்.

அரச மிருக வைத்தியர் வந்து பார்த்தார். அறுந்த நரம்பைத் தைத்து மாட்டை எழுப்பி நிறுத்துவது நடக்காத காரியம் என்றார். இறைச்சிக்காரர் ஒருவர் மத்தியானமே வந்து விலை கேட்டார். அம்மாயி கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் வைத்தியர் ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவைத்தார்.

முறைப்பாடு எழுதப் போனால், "மாட்டுக்குக் காசு வாங்கித் தாறோம், சமாதானமாப் போங்க" என்றார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை, மலையகத்தில் நான் அடிக்கடி கேட்டிருக்கும் வசனம் அது. இதற்கிடையில் ஒரு பையன் லெச்சுமியின் படத்தை முகநூலில் போட்டுவிட்டான். இரண்டு நாளில் எண்ணூறு கமெண்ட். செய்தவனின் காலையும் அதேபோல அறுக்க வேண்டும், குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுத் துரத்த வேண்டும், உயிரோடு கொளுத்த வேண்டும். மூன்றாம் நாள் யாரோ ஒருவன் 'இவன்தான்' என்று ஒரு படத்தைப் போட்டான். அது இந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஹட்டனில் புடவைக் கடையில் வேலை செய்த இன்னொரு பையன். இருபது நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அவனுடைய அம்மா என் அலுவலகத்துக்கு வந்து அழுதார். படத்தை அழித்தவர்கள் சிலர், மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

உண்மையில் நடந்தது என்ன? அன்றைக்கு இரவு ஒருவர் தண்ணீர் பிடிக்கிற பீலியில் கத்தி கழுவியதை லயத்தில் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் தெரியும், யார் என்று. எண்ணூறு பேர் கையை வெட்டு, காலை வெட்டு என்று எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இந்த மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் வந்தார். கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா. நீதிமன்றத்துக்கு வருகிற நாளெல்லாம் அவருக்குச் சம்பளம் இல்லை. செய்தவர் அவருக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. அவர் வந்து கூண்டில் ஏறி, "பீலியில நின்னத கண்டேன், கத்தியக் கண்டேன்" என்று இரண்டே வசனம் சொன்னார். நான் தண்டனைச் சட்டக்கோவையின் மாட்டுப் பிரிவில் வழக்கை நிறுத்தப் பாடுபட்டேன், மிருக வைத்தியரின் அறிக்கை கைகொடுத்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனையும், அம்மாயிக்கு நட்டஈடும்.

முகநூலில் கேட்டவர்களுக்கு அது போதாது. எனக்குமே நிறைவாக இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் மாட்டில் கத்தி வைக்கவில்லை. அபராதத் தொகையை நினைத்து அவர்கள் பயப்படவில்லை. பீலியில் கத்தி கழுவினால் பார்க்கிற கண் நீதிமன்றம்வரை வரும் என்று தெரிந்ததுதான் காரணம். தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, அகப்படுவோம் என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கிறது என்று குற்றவியல் படித்தவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். மரண தண்டனை கேட்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த நாட்டில் மனிதனைக் கொன்றவனையே 1976க்குப் பிறகு தூக்கிலிடவில்லை. நடக்கவே போகாத தண்டனையைக் கேட்பது, நடக்கக்கூடிய தண்டனையையும் கைநழுவ விடுவதில்தான் முடிகிறது.

கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிருகத்துக்கு வாய் இல்லை, அதற்காக மனிதன்தான் கோபப்பட வேண்டும். கோபமே வராத ஊர் இதைவிடப் பயங்கரமானது. ஆனால் நம் கோபம் யார்மேல் எளிதாக விழுகிறது, யாரைத் தொடாமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்ஷபான தோட்டத்தில், மரக்கறித் தோட்டத்துக்கு ஓரமாகக் கட்டியிருந்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் கருஞ்சிறுத்தை என்பது மிக அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும், மூன்றே நாளில், 29ஆம் தேதி இறந்துவிட்டது. நாடு முழுக்க அழுதது. அப்புறம் வழமைபோல 'தோட்டத்துக்காரர்கள் காட்டுமிராண்டிகள்' என்று தொடங்கிவிட்டார்கள். அதே வாரம், 27ஆம் தேதி, கேரளாவில் வெடி வைத்த பழத்தைக் கடித்துக் காயப்பட்ட ஒரு கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்தது. அது நடந்தது பாலக்காடு மாவட்டம். ஆனால் கோபம் முஸ்லிம்கள் அதிகமாக வாழும் மலப்புறத்தின்மேல் திருப்பிவிடப்பட்டது. இரண்டு நாட்டிலும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி நடந்தது. ஒரு மிருகத்தின் சாவு, ஏற்கெனவே பிடிக்காத ஒரு கூட்டத்தைத் திட்டக் கிடைத்த வாய்ப்பாகிவிட்டது.

கம்பிச் சுருக்கைப் பற்றி நகரத்து ஆட்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள்தான் அது. ஒரு முனையில் கண்ணி போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டி, காட்டுப் பன்றி வருகிற தடத்தில் வைத்துவிடுவார்கள். பன்றியும் கேளையாடும் முள்ளம்பன்றியும் ஒரே இரவில் ஒரு போகத்து உருளைக்கிழங்கை இல்லாமல் செய்துவிடும். இறைச்சிக்காகவே கட்டுகிறவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பன்றியின் தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கிறது. மாட்டியதும் இழுக்கும். இழுக்க இழுக்கக் கம்பி இறுகும், தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். ரந்தெணிகலை போன்ற தூரத்து இடத்திலிருந்து வனஜீவராசிகள் திணைக்கள மிருக வைத்தியர் மயக்க ஊசியோடு மலையேறி வருவதற்குள் மணித்தியாலங்கள் போய்விடும். அதுவரை அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதைச் செய்பவன் தண்டிக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தேயிலையைப் பிடுங்கி மரக்கறி போடக் காட்டோரக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பவர் யார், வேலி போட உதவ வேண்டியவர் யார், காட்டு இறைச்சியைக் காசு கொடுத்து வாங்குகிறவர் யார் என்று அந்த ஆயிரக்கணக்கான கமெண்டுகளில் எத்தனை பேர் கேட்டார்கள்?

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பத்துப் பேர் வரை காயப்பட்டிருந்தார்கள். தகவல் கொடுத்தும் உரிய ஏற்பாட்டோடு யாரும் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பயத்தில் அடித்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. செத்த சிறுத்தையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துப் படம் எடுத்ததை விளங்கிக்கொள்ள முடியவில்லை. கைதுகள் நடந்ததற்கே அந்தப் படங்கள்தான் காரணம். 2025 தொடக்கத்தில் முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில், ஆட்டைக் கடித்தது என்று ஒரு நாயைத் தூக்கில் போட்ட செய்தி வந்ததே, அதிலும் படம் வெளியே வந்த பிறகுதான் கைது. விவகாரம் அதற்கு முன்பே பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைவரை போயிருந்ததாகச் செய்திகள் சொல்லின. அத்தனை பேர் உட்கார்ந்து பேசியும் அந்த நாயின் உயிர் யாருடைய கணக்கிலும் வரவில்லை என்பதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

இனி, கோபம் தொடாமல் போகிற இடம். 2019 ஆகஸ்டில் கண்டி பெரஹரா ஊர்வலத்தில் நடந்த டிக்கிரி என்ற யானையின் படங்கள் வெளிவந்தன. எழுபது வயது. பட்டும் மின்விளக்கும் போர்த்திய அங்கிக்குக் கீழே எலும்புக்கூடு. வெளிநாட்டுக்காரர் படம் போட்ட பிறகுதான் நமக்கே தெரிந்தது, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொண்டோம். ஊர்வலத்திலிருந்து அதை எடுத்தார்கள். செப்டெம்பர் 24ஆம் தேதி செத்துப்போனது. அன்றைக்கு நம் நாட்டவரில் பலர் யானைக்காகக் கோபப்படவில்லை, படத்தை வெளியிட்டவர்மேல் கோபப்பட்டார்கள். ஆனாலும் அந்தச் சலசலப்பு வீண் போகவில்லை. 2021 ஆகஸ்டில் வளர்ப்பு யானைகளுக்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. தினமும் இரண்டரை மணித்தியாலம் குளிப்பாட்ட வேண்டும், நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பாகன் குடித்திருக்கக் கூடாது. கோபம் ஒரு விதியாக, எழுத்தாக மாறிய இடம் அது. எனக்கு வேண்டியது அதுபோன்ற கோபம்தான்.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், காவல் தெய்வமான ரோதைமுனிக்கும், கவ்வாத்துத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்கும் கிடாயும் சேவலும் வெட்டி வளர்ந்தவர்கள் நாம். கோயில்களில் மிருகபலியைத் தடுக்கும் சட்டத்துக்கு 2018இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது தோட்டங்களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பலியை நான் விரும்புவதில்லை. ஆனால் ஒரே வெட்டில் உயிரை எடுப்பதையும், ஒரு மாட்டின் நரம்பை அறுத்து இரவு முழுக்கக் கிடக்க விடுவதையும் ஒரே தராசில் வைத்து, 'நீங்களும் வெட்டுகிறவர்கள்தானே' என்று வாயடைப்பது சரியல்ல. அதேபோல, 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தும்வரை, விசர்நாய்க்குப் பயந்து கொன்று தள்ளியது அரசாங்கமே. நாய் உயிர் பெரிதில்லை என்ற பாடத்தை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மகாவம்சம் எல்லாளனைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. தேர்க்காலில் கன்று நசுங்கிச் செத்தது, தாய்ப்பசு வந்து மணியை இழுத்தது, மன்னன் தன் மகனை அதே தேர்க்காலுக்குக் கொடுத்தான். தமிழ்நாட்டில் இதே கதையைத் திருவாரூரில் மனுநீதிச் சோழன் பேரில் சொல்வார்கள். நாம் எப்போதும் அந்தத் தேர்ச்சக்கரத்தை மட்டும் நினைவில் வைத்து, அப்படி அல்லவா தண்டனை கொடுக்க வேண்டும் என்கிறோம். கதையில் அதற்கு முன்னால் ஒரு மணி இருக்கிறது. ஒரு பசுவுக்குக்கூட எட்டுகிற உயரத்தில் கயிறு தொங்குகிறது. யாரும் பசுவைப் பார்த்துச் சமாதானமாகப் போ என்று சொல்லவில்லை. குற்றவாளியும் அந்நியன் இல்லை, அரண்மனைப் பிள்ளை. அம்மாயி முறைப்பாடு எழுதப் போய்த் திரும்பி வந்த அன்றைக்கு, அந்தக் கயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தேன்.

கடும் தண்டனை எல்லா இடத்திலும் கற்பனை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் சட்டத்தைத் திருத்தி, ஆறு மாதமாக இருந்த ஆகக்கூடிய சிறையை ஐந்து வருடமாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் நாய்களை வதைத்துக் கொன்ற முதலை ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு 2024இல் பத்து வருடமும் ஐந்து மாதமும் சிறை கிடைத்தது. அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2016இலிருந்து மிருகவதையைத் தனிக் குற்றமாகக் கணக்கெடுக்கிறது. வாயில்லா ஜீவனைத் துன்புறுத்துகிறவன் அடுத்து வீட்டிலுள்ள பெண்ணையும் பிள்ளையையும் தேடி வருவான் என்ற அனுபவம்தான் காரணம். இதை நான் புள்ளிவிபரத்தில் படிப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஜீவனாம்ச வழக்குக்கு வந்த ஒரு தங்கச்சி சொன்னார்: "கல்யாணம் முடிஞ்ச மாசமே எங்க பூனையச் சுவத்துல அடிச்சாரு சார். அடுத்தது நான்தான்னு அன்னைக்கே தெரியும்." அதனால் நாயைக் கொன்றவனைப் பற்றிய முறைப்பாட்டை அற்ப விஷயம் என்று ஒதுக்குகிற அதிகாரியிடம், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் தோட்டத்து விஷயம். மூன்று வாரம் என்பது பெரிய தாமதம் இல்லை. வீடியோ எடுத்தவர் யாரோ ஒருவர் அங்கே நின்றிருக்கிறார். முதலில் அவரைக் கண்டுபிடியுங்கள். பலர் கைமாறி வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைவிட, எடுத்த ஃபோனில் இருக்கும் முதல் கோப்புதான் நீதிமன்றத்தில் நிற்கும். அதில் திகதியும் நேரமும் இருக்கும். அதை அழிக்க வேண்டாம், வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நாயைப் புதைத்த இடத்தைக் காட்டக்கூடிய ஆள் இருந்தால் அவர் பேரையும் எழுதி வையுங்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் புதைப்பதற்கு முன்பே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள், வைத்தியரின் ஒரு பக்க அறிக்கை ஆயிரம் கமெண்டைவிடப் பெரிது. அந்த நாய்க்குச் சோறு போட்டவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'எங்கள் வீட்டு நாய்' என்று ஒரு குடும்பம் முன்வந்தால் வழக்கின் பாதித் தடை நீங்கிவிடும்.

பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது '1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம்' என்ற வார்த்தைகள் அதில் இருக்க வேண்டும். சமாதானமாகப் போகச் சொன்னால், நாய் பேச வராது, நான் யாரோடு சமாதானமாவது என்று மரியாதையாகக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். எழுதவே மாட்டோம் என்றால் சட்டத்தரணி ஒருவர் மூலம் நீதவான் நீதிமன்றத்தில் தனிப்பட்ட முறைப்பாடாகவே தாக்கல் செய்யலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அவனுடைய படத்தை மட்டும் இனிமேல் பகிராதீர்கள், மற்றவர்களையும் பகிர விட வேண்டாம். அவனுக்கு லயத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள்.

அந்தக் கொழுந்து பறிக்கிற அக்காவை இப்போதும் ஹட்டன் பஸ்ஸில் எப்போதாவது காண்பேன். வழக்கு முடிந்த பிறகு சொந்தக்காரர்கள் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. அம்மாயி நட்டஈட்டுக் காசில் ஒரு கன்றுக்குட்டி வாங்கியபோது, கயிற்றைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த அக்காதான்.